பக்கத்து வண்டி

திருடன் சின்னவளின் காரைத்தான் உடைத்திருந்தான். ஒரு முழம் தள்ளி, அதே நாளில், அதே ஷோரூமில், அதே வெள்ளை நிறத்தில் வாங்கிய பெரியவளின் கார் குளித்துத் தலைவாரிக்கொண்டு நிற்பதுபோல் நின்றது. ஒரு கீறல் கிடையாது.

"அப்பாடா" என்றாள் பெரியவள். யார் வாயிலும் முதலில் அதுதான் வரும், அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அவளுடைய அப்பாடாவுக்கு ஆயுசு ஒரு நிமிடம்கூட இல்லை. இரண்டு வண்டியையும் நின்று நிதானமாகப் பார்த்த ஒருவன், இதில் ஒன்றும் தேறாது என்று அவளுடையதை விட்டுவிட்டுப் போயிருக்கிறான். அது உறைத்ததும் அவளுக்கு முகம் சுண்டிவிட்டது. ஆக, திருடன்கூடச் சின்னவள் பக்கம்தான்.

சிரிக்காதீர்கள். பதினோரு வருடம் ஓரகத்தியோடு ஒரே கட்டிடத்தில், ஒரே மாடியில், எதிரெதிர் வாசலில் குடியிருந்து பார்த்துவிட்டுச் சிரியுங்கள்.

அந்த அடித்தளப் பார்க்கிங்கைக் காட்டித்தான் அங்கே வீடுகளையே விற்றார்கள். நூறு சதவீதம் பாதுகாப்பு என்றார்கள். இரும்பு ஷட்டர் உண்டு. வண்டியில் ஒட்டிய வில்லையைக் கண்டால்தான் ஏறும். கேமராவும் உண்டு, ஆனால் அதில் ஒரு சிவப்பு விளக்கு எரிவதைத் தவிர வேறு எதுவும் நடப்பதில்லை என்பது அன்று காலையில்தான் எல்லோருக்கும் தெரிந்தது. யாருடைய கார் பின்னாலேயோ, ஷட்டர் இறங்குவதற்குள் ஒருவன் குனிந்து நுழைந்திருக்கிறான். பதினைந்தாம் எண் கட்டத்தில் நின்ற சின்னவளின் காரில் பின்கண்ணாடியை நொறுக்கிப் பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். சின்னவள் பிறந்த குழந்தைகளைப் படம் எடுப்பவள். பையில் கேமரா, இரண்டு லென்ஸ், லேப்டாப், வேலையின்போது கழற்றிப் போட்ட கைக்கடிகாரம் எல்லாம் இருந்தன.

இந்த வீட்டின் நடைமுறையைச் சொல்லாவிட்டால் மேற்கொண்டு எதுவும் புரியாது. மாமியார் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள். ஒருத்திக்குச் செய்வது இன்னொருத்திக்கும் செய்ய வேண்டும், இம்மி பிசகக்கூடாது என்பது அவர் சட்டம். குக்கர் வாங்கினால் இரண்டு. திரைச்சீலை வாங்கினால் இரண்டு வீட்டுக்கும் ஒரே பூ, ஒரே நீளம். கேக்கை அவர் வெட்டும்போது பக்கத்தில் அளவுகோல் இல்லையே தவிர, மற்றபடி எல்லாம் இருக்கும். ஒரு மாதம் பெரியவள் வீட்டில் இருப்பார், அடுத்த மாதம் எதிர்வீட்டுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவார். முப்பத்தொரு நாள் மாதம் யாருக்கு வருகிறது என்பதையும் வருடக் கடைசியில் சரிக்கட்டிவிடுவார். கார்களும் அப்படி வந்தவைதான். "ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும், நாளைக்கு ஒருத்தர் மனசுல ஒண்ணு வரக்கூடாது" என்றார்.

ஒரே மாதிரி செய்தால் மனசில் ஒன்றும் வராது என்று யார் அவருக்குச் சொல்லிக்கொடுத்தார்களோ. ஒரே சட்டையைச் சின்னவள் போட்டால் அது சட்டையாக இருக்கும். பெரியவள் போட்டால் அதைக் கடையில் மாட்டிவைத்திருந்தபோதே நன்றாக இருந்ததே என்று தோன்றும். ஒரே திரைச்சீலை எதிர்வீட்டில் காற்றில் ஆடும், இங்கே தொங்கும். பெரியவள் பதினோரு வருடமாக இதைக் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வீட்டில் ஜோடி இல்லாத பொருள் ஒன்றே ஒன்றுதான். அது மாமியாரின் கைக்கடிகாரம். மாமனார் இருந்த காலத்தில் வாங்கித் தந்தது. சின்ன வட்டம், மங்கிய தங்க நிறம், தினமும் சாவி கொடுக்க வேண்டும். பெரியவள் மூக்குக்கண்ணாடியும் கைக்கடிகாரமும் விற்கும் கடையில் கவுண்டரில் நிற்பவள். பத்து வருடமாக அந்தக் கடிகாரத்துக்கு வார் மாற்றுவது, கண்ணாடி துடைப்பது, எண்ணெய் போடக் கொடுத்து வாங்குவது எல்லாம் அவள்தான். ஒருநாள் அது தனக்குத்தான் வரும் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமே இல்லாத அளவுக்கு அது அவளுக்கு நிச்சயமாக இருந்தது.

அன்று காலை பார்க்கிங்கில் கூட்டம். அசோசியேஷன் செக்ரட்டரி பனியனோடு வந்து நின்றார். ஒரு போலீஸ்காரர் நோட்டை விரித்து எழுதிக்கொண்டிருந்தார். சின்னவன் வேலை விஷயமாக வெளியூர் போயிருந்ததால், சின்னவள் தனியாக நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அழுதாலும் அவளுக்கு மூக்கு சிவப்பதில்லை, அதையும் பெரியவள் கவனித்தாள்.

"கேமராவை விடுங்க அத்தை, வாங்கிக்கலாம். ஒரு குழந்தையோட படம் அதுல இருக்கு, இன்னும் அவங்க கையில குடுக்கவே இல்ல. அதுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்றாள் சின்னவள். பிறகு வெறும் மணிக்கட்டைப் பார்த்து, "வாட்சும் போச்சு" என்றாள்.

மாமியார் தன் கையில் இருந்ததைக் கழற்றினார். சின்னவளின் கையைப் பிடித்து, எல்லோரும் பார்க்க, வாரைச் சுற்றிக் கொக்கியை மாட்டினார். போன மாதம் பெரியவள் தேடித் தேடி மாற்றிப்போட்ட பழுப்பு வார். "அழாத. கை வெறுமையா இருக்கக்கூடாது" என்றார்.

பெரியவளுக்கு வயிறு எரிந்தது. பேச்சுக்குச் சொல்கிற எரிச்சல் இல்லை, நிஜமாகவே தொப்புளுக்கு மேலே சுருக்கென்று காந்தியது. பதினோரு வருடச் சட்டம் அரை நிமிடத்தில் போய்விட்டது. எதற்காக? ஒரு கண்ணாடி உடைந்ததற்காக. உடைந்தது தன்னுடையதாக இருந்தால் அந்தக் கை தன்னுடையதாக இருந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் போலீஸ்காரர் பேனாவை அவள் பக்கம் நீட்டினார். "பக்கத்துல நிக்கிற வண்டி உங்களோடதா? அதுல ஒண்ணும் போகலையே?"

"போயிருக்கு" என்றாள் பெரியவள்.

சொன்ன பிறகுதான் அது தன் குரல் என்று அவளுக்கே தெரிந்தது. எல்லோரும் திரும்பினார்கள். மாமியாரும் திரும்பினார்.

"என்ன போச்சு?"

"கைப்பை. மெரூன் கலர். உள்ள சின்னச் சின்ன சாமான். ஒரு வாட்ச்."

"கண்ணாடி உடையலையே, பூட்டும் நல்லா இருக்கே?"

"பூட்டாம இருந்திருக்கும்" என்றாள். இவ்வளவு சுலபமாக வருகிறதே என்று உள்ளுக்குள் ஓர் ஆச்சரியம்கூட இருந்தது.

"நேத்து யாரு பூட்டினது?"

இங்கேதான் அவள் மாட்டிக்கொண்டாள். அவளுக்கு வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்த வராது. நேராக எத்தனை மைல் வேண்டுமானாலும் ஓட்டுவாள். ரிவர்ஸ் என்றால் கை கால் உதறும். வந்த புதிதில் இரண்டு தூண்களைப் பதம் பார்த்தாள். அதிலிருந்து தினமும் ஷட்டர் வாசலில் இறங்கிச் சாவியைக் காவலாளியிடம் கொடுத்துவிடுவாள். அவர் பதினான்காம் எண் கட்டத்தில் அழகாகச் சொருகிவிட்டு, பூட்டிச் சாவியை லிப்ட் பக்கம் கொண்டுவந்து தருவார். மற்றவர்கள் நிறுத்தும்போது பின்னால் நின்று "வா… வா… வா…" என்று கையசைப்பார். அதனால் கட்டிடத்தில் அத்தனை பேருக்கும் அவர் வாவா. பெரியவளுக்கு வாவா அண்ணன்.

"நான்தான் சார் பூட்டினேன்" என்று வாவா முன்னால் வந்தார். வயது அறுபதைத் தொட்டவர், தொப்பியைக் கையில் பிடித்திருந்தார். "பூட்டிட்டுக் கைப்பிடிய ரெண்டு தடவ இழுத்துப் பார்ப்பேன் சார். தினம் பார்ப்பேன்."

"நேத்து பார்த்தியா?"

வாவா வாயைத் திறந்தார். பெரியவளைப் பார்த்தார். அவள் வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பார்த்தேன்னுதான் நினைக்கிறேன்" என்றார். பிறகு கொஞ்சம் தணிந்த குரலில், "மேடம் சொல்றாங்கன்னா, மறந்திருப்பேன் போல" என்றார்.

செக்ரட்டரிக்கு அது போதும். கேமரா ஓடாததற்கு அவர் பதில் சொல்ல வேண்டியிருந்த நேரத்தில் ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார். "பூட்டாம விட்ட வண்டி ஒண்ணு, உடைச்ச வண்டி ஒண்ணு. உள்ள வந்தவனைப் பார்க்கவும் இல்ல. அப்புறம் எதுக்கு நீ இங்க இருக்க?" என்று கையை ஆட்டிப் பேசினார். ஞாயிற்றுக்கிழமை மீட்டிங்கில் முடிவு செய்யலாம் என்று ஆயிற்று.

இவ்வளவு செய்தும் பெரியவளுக்குக் கிடைத்தது என்ன என்று பாருங்கள். "அடடா, உனக்கும் போச்சா" என்று மாமியார் ஒரு தடவை தோளைத் தட்டினார். அவ்வளவுதான். எல்லோரும் உடைந்த கண்ணாடியைத்தான் போனில் படம் எடுத்தார்கள். உடையாத கண்ணாடியைப் படம் எடுக்க யாருக்கு என்ன தலையெழுத்து?

அன்று மாலையே மாமியார் பெட்டியைக் கட்டினார். மாதத்தில் இன்னும் பதினாறு நாள் பெரியவள் கணக்கில் பாக்கி இருந்தது. "சின்னவன் ஊர்ல இல்ல. பயந்துபோய் இருக்கா, ராத்திரி துணைக்கு ஒரு ஆள் வேணாமா?" என்றார்.

"எனக்கும்தானே அத்தை போயிருக்கு?"

"உனக்கு இவன் இருக்கான்ல?" என்று மூத்த மகனைக் காட்டிவிட்டுப் போனார்.

இவன் என்கிற அந்தக் கணவன் சோபாவில் கால் நீட்டிக்கொண்டு, "எந்த மெரூன் பை? நேத்து நீ கடைக்குக் கொண்டுபோனது நீலம்ல?" என்றான்.

"உங்களுக்கு என்னைக்கு நான் என்ன கொண்டுபோறேன்னு தெரிஞ்சிருக்கு?" என்று அவள் பாய்ந்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து ஒன்றையும் கவனிக்காத மனிதனுக்கு அன்று பார்த்துக் கண் திறந்திருக்கிறது. அவன் குளிக்கப் போனதும், அலமாரி மேல்தட்டில் சாதுவாக உட்கார்ந்திருந்த மெரூன் பையை எடுத்துப் பெரிய சூட்கேசுக்குள் போட்டு, மேலே கம்பளியைத் திணித்து, பூட்டி, சாவியை அரிசி டப்பாவில் வைத்தாள். தன் பொருளையே திருடி ஒளித்துவைக்கிற நிலைமை வந்ததே என்று தன்மேலேயே கோபம் வந்தது. அதையும் சின்னவள் கணக்கில்தான் எழுதினாள்.

அடுத்த நாள் கடையிலிருந்து வந்தபோது வாவா ஷட்டர் வாசலில் நின்றிருந்தார். அவள் சாவியை நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"இருங்க மேடம், நீங்களும் கூடவே வாங்க. பூட்டுறத நீங்க பாருங்க" என்றார்.

அவள் கூடப் போனாள். அவர் நிறுத்தினார், இறங்கினார், பூட்டினார், கைப்பிடியை இரண்டு தடவை இழுத்தார். "பூட்டிட்டேன் இல்ல?" என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து, மணியைப் பார்த்து, பதினாலு, பூட்டியாச்சு என்று எழுதிக்கொண்டார்.

"எங்க அப்பாவுக்கும் இந்த வயசுலதான் மேடம் ஆரம்பிச்சுது. முதல்ல சின்னச் சின்னதா. அடுப்பை அணைச்சேனா, கதவைச் சாத்தினேனான்னு. அப்புறம் எங்களையே தெரியாமப் போச்சு" என்றார். "நல்லா ஞாபகம் இருக்கு மேடம் எனக்கு, அதான் பயமா இருக்கு. பூட்டினது, இழுத்துப் பார்த்தது, எல்லாம் அப்படியே கண்ணுல நிக்குது. ஆனா நடக்கல பாருங்க."

பெரியவள் சுற்றிலும் பார்த்தாள். சொல்லிவிடலாம். அங்கே வேறு யாரும் இல்லை. அண்ணே, நான் பொய் சொன்னேன் என்று நாலே வார்த்தை. அவள் மூச்சை இழுத்தாள்.

லிப்ட் திறந்தது. மாமியாரும் சின்னவளும் கைகோத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். புதுக் கண்ணாடி போடும் இடத்துக்குப் போகிறார்களாம். மாமியார் ஏதோ சொல்லி, சின்னவள் சிரித்து, மாமியாரும் சிரித்தார். பெரியவள் வீட்டில் இருந்த பதினைந்து நாளில் அவர் அப்படி ஒருதரம் சிரித்ததில்லை. சிரிப்புக்கு நடுவே சின்னவள் கையைத் தூக்கி முடியை ஒதுக்கினாள். கடிகாரம் மூன்றரை காட்டிக்கொண்டிருந்தது. அப்போது மணி ஆறு. சாவி கொடுக்கக்கூடத் தெரியவில்லை. பத்து வருடம் ஒருநாள்கூட நிற்காமல் ஓடிய கடிகாரத்தை ஒரே நாளில் நிறுத்திவிட்டாள்.

"அக்கா, இப்பதான் வந்தீங்களா?" என்றாள் சின்னவள்.

"ஆமா" என்று சொல்லிவிட்டுப் பெரியவள் லிப்டுக்குள் போனாள். இழுத்த மூச்சை மூன்றாவது மாடியில்தான் விட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. சின்னவள் தனியாக நின்றிருந்தாள். உள்ளே வந்து உட்கார்ந்தாள், தண்ணீர் கேட்டுக் குடித்தாள். பிறகு கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது உங்களுக்குத்தான் அக்கா. நான் அத்தைகிட்ட சொல்லிட்டேன்."

பெரியவள் குனிந்து பார்த்தாள், அது இன்னும் மூன்றரையில்தான் நின்றது.

"உங்களுக்கும்தானே வாட்ச் போச்சு. அன்னைக்கு நான் அழுததுனால என் கையில கட்டிட்டாங்க. நீங்க அழல, அதுக்காக உங்களுக்கு வருத்தம் இல்லன்னு ஆயிடுமா? இத்தனை வருஷம் இதைப் பார்த்துக்கிட்டது நீங்க. எனக்கு இதுக்குச் சாவி குடுக்கக்கூட வரல" என்று சிரித்தாள்.

நல்ல மனசு என்று ஒன்று உலகத்தில் இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதுவும் அவளிடம்தான் போய்ச் சேர வேண்டுமா? அழகு அவளுக்கு, மாமியார் அவளுக்கு, திருடனும் அவளுக்கு. கடைசியில் விட்டுக்கொடுக்கிற பெருமையும் அவளுக்கே. பெரியவளுக்கு அந்த நிமிடம் ஓரகத்தியைப் பிடித்ததுபோல் எப்போதும் பிடித்ததில்லை. அவ்வளவு பிடித்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

இருந்தும் கடிகாரத்தை எடுத்துக்கொண்டாள். அதை மறைத்துப் பயனில்லை. எடுத்துக்கொண்டாள், சின்னவள் போனதும் சாவி கொடுத்தாள், காதில் வைத்துக் கேட்டாள், கையில் கட்டிக் கண்ணாடிமுன் நின்றாள். பொருத்தமாகத்தான் இருந்தது. ஒரு பத்து நிமிடம் அவள் சந்தோஷமாக இருந்தாள்.

யாராவது பார்க்கட்டும் என்று கீழே இறங்கினாள். சும்மா, வண்டியில் ஏதோ மறந்துவிட்டதுபோல.

பார்க்கிங்கில் வாவா ஒவ்வொரு காராகக் கைப்பிடியை இழுத்துக்கொண்டு வந்தார். இழுப்பார், நோட்டில் எழுதுவார், இரண்டு அடி நடப்பார், நிற்பார், திரும்பிப் போய் அதே காரை மறுபடி இழுப்பார். மூன்றாம் எண் வண்டியை அவர் நான்கு தடவை இழுத்ததைத் தூணுக்குப் பின்னால் நின்று அவள் எண்ணினாள். அவர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே துணிகள் மடித்து ஒரு பையில் வைக்கப்பட்டிருந்தன. செக்ரட்டரி திங்கட்கிழமைக்கு வேறு ஆளைச் சொல்லிவைத்துவிட்டார் என்று கட்டிடம் முழுக்கத் தெரிந்திருந்தது.

அவள் யாரும் பார்க்காமல் மேலே ஏறினாள். அன்று அவள் சமைத்ததில் உப்பு இல்லை என்று கணவன் சொன்னான். உண்மையைச் சொன்னால் வாவாவின் வேலை தப்பும். அவளுக்கு முகம் போகும். அதுவும் யார் முன்னால்? மாமியார் முன்னால், சின்னவள் முன்னால். இதற்குப் பிறகு எதிர்வீட்டுக் கதவு திறக்கும்போதெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு போக வேண்டும், ஆயுசுக்கும். ஒரு வேலைதானே, இன்னொரு கட்டிடத்தில் கிடைக்காதா என்று தனக்குத்தானே பூசி மெழுகிப் பார்த்தாள். இழுத்த காரையே திரும்பப் போய் இழுக்கிற ஆளை எந்தக் கட்டிடத்தில் வைத்துக்கொள்வார்கள் என்று உடனே அவளுக்கே தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு, கீழ்த்தள ஹாலில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். வீட்டுக்கு ஒருவராவது வந்திருந்தார்கள். முன்வரிசையில் மாமியாரும் சின்னவளும். வாவா சுவரோரமாக நின்றார், சீருடையை இஸ்திரி போட்டிருந்தார். செக்ரட்டரி கேமராவைப் பற்றி ஒரு நிமிடமும் காவலாளியைப் பற்றிப் பத்து நிமிடமும் பேசினார். "தப்ப அவரே ஒத்துக்கிட்டார்" என்றார். "நமக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா மறதிக்காரரைக் காவலுக்கு வைக்க முடியுமா? ஆட்சேபணை உள்ளவங்க சொல்லலாம்."

யாரும் அசையவில்லை. ஒருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியவள் எழுந்தாள். ரிவர்ஸ் எடுப்பதுகூட அவளுக்கு இவ்வளவு கஷ்டமாக இருந்ததில்லை.

"என் வண்டியில ஒண்ணும் திருடு போகல" என்றாள்.

செக்ரட்டரிக்குப் புரியவில்லை. "என்ன மேடம், பை கிடைச்சிடுச்சா?"

"போகவே இல்ல. பை வீட்டுல இருக்கு. வண்டி பூட்டியிருந்தது. நான் பொய் சொன்னேன்."

கணவன் பாதி எழுந்து, எழுவதா உட்காருவதா என்று தெரியாமல் அப்படியே நின்றான். சின்னவள் முகத்தில் ஈயாடவில்லை.

"எதுக்கும்மா?" என்றார் மாமியார். வகுப்பில் தப்பாகக் கணக்குப் போட்ட பிள்ளையைக் கேட்பதுபோலத்தான் கேட்டார். கோபம்கூட இல்லை.

வழியில் வரும்போது அவள் ஏழெட்டுக் காரணங்கள் யோசித்து வைத்திருந்தாள். பதற்றம், குழப்பம், தலைவலி. ஒன்றும் வாயில் வரவில்லை.

"பொறாமை அத்தை" என்றாள். "அவளுக்குப் போனதும் எல்லாரும் அவளைச் சுத்தி நின்னீங்க. நீங்க வாட்சைக் கழட்டிக் கட்டினீங்க. எனக்கும் போயிருக்கக்கூடாதான்னு இருந்துச்சு." கடிகாரத்தைக் கழற்றப் பார்த்தாள். தானே மாட்டிய கொக்கி, அவசரத்தில் வரவில்லை. சின்னவள் எழுந்து வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல், அதைக் கழற்றி மாமியார் மடியில் வைத்துவிட்டுப் போய் உட்கார்ந்தாள். அந்த நேரத்திலும் அவள் நடந்துபோன விதம் நன்றாகத்தான் இருந்தது, அதுவும் பெரியவள் கண்ணில் பட்டது. சில வியாதிகள் சொல்லிவிட்டால் மட்டும் போய்விடுவதில்லை.

மாமியார் கடிகாரத்தைத் தொடவில்லை. "நான் என்னம்மா குறை வெச்சேன்?" என்று மட்டும் கேட்டார். குறை எதுவும் இல்லைதான்.

செக்ரட்டரி தொண்டையைச் செருமினார். அப்படியென்றால் முடிவை மறுபரிசீலனை செய்யலாம், காவலாளி அப்படியே தொடரட்டும் என்று ஏதோ இழுத்தார். நாலைந்து பேர் சரி சரி என்றார்கள். நாற்காலிகள் நகர்ந்தன. போகிற போக்கில் ஒருத்தி பெரியவளைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் இருந்தவள் காதில் கிசுகிசுத்தாள்.

வாவா சுவரைவிட்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்து அவள் தலையைக் குனிந்துகொண்டாள். திட்டினால் நன்றாக இருக்கும் என்றும் இருந்தது.

"அப்போ நான் பூட்டினேனா மேடம்?" என்றார்.

"பூட்டினீங்க அண்ணே."

"இழுத்துப் பார்த்தேனா?"

"பார்த்தீங்க. ரெண்டு தடவ. நான் லிப்ட் பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

அவர் காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். வேலை போகவில்லை என்று செக்ரட்டரி சொன்னது அவர் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. போனை எடுத்து, எண்ணைத் தட்டி, காதில் வைத்து, "இந்தா, மேடம்கிட்ட பேசு" என்று சொல்லிவிட்டு அவளிடம் நீட்டினார்.

"என் வீட்டுக்காரிங்க. நான் சொன்னா நம்ப மாட்டா. மறதிய மறைக்கச் சொல்றேன்னு நினைச்சுப்பா. நீங்க ஒரு தடவ சொல்லிடுங்க."

பெரியவள் போனை வாங்கினாள். மாமியாரும் சின்னவளும் வாசலில் நின்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அவர் வண்டியைப் பூட்டித்தான் வெச்சாரு. மறக்கல. நான்தான் பொய் சொன்னேன்" என்றாள்.

அந்தப் பக்கம் ஒரு குழந்தை சிணுங்குகிற சத்தம் கேட்டது. பிறகு அந்த அம்மாள் சொன்னாள்: "நாலு நாளா வீட்டுக்கு வந்தா பேத்தியைக் கையில வாங்க மாட்டேங்கிறார் மேடம். எங்கேயாவது வெச்சுட்டு மறந்துடுவேன்னு தூர நின்னே பார்க்கிறார். இனிமே தூக்கலாம்னு நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க."

பெரியவள் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தாள். அவர் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தார்.